வினையும் மருந்தும்

உயிர்கள் எய்தும் இன்ப துன்பங்கள் அவ்வவ்வுயிர் முன்செய்த நல்வினை தீவினைகளின் பயன் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும் என்பதும், அவற்றுள் இப்பிறவிக்கென வகுக்கப்பட்டது பிராரத்தம் என்பதும், அது நுகர்ந்தே கழியற்பாலது என்பதும் சாத்திரப் பயிற்சியுடையார் யாவரும் அறிந்தனவே. இவ்வுண்மையினின்று அறியாமையான முடிபு ஒன்று சிலரால் கொள்ளப்படுகிறது. நோயுற்றான் ஒருவனைக் கண்டவிடத்து, "அவன் வினை அது, அநுபவித்தே தீரவேண்டும்" என்று கூறி அப்பாற் செல்லுதலே அம்முடிபு. அங்ஙனங் கூறுவோர் தாம் சித்தாந்தம் பேசுவதாகவே எண்ணிக்கொள்கின்றனர். அவர் பேசுவது சித்தாந்தந்தானா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இதனை நூற்பொருளளவில் நிறுத்தாது ஒரு நாட்டின்மேல் வைத்து ஆராய்தல் தெளிவு தரும். பாண்டிநாட்டின் தென்பாகத்தில், 1985ஆம் ஆண்டு தனி மாவட்டமாக அமைந்த விருதுநகரைச் சூழ்ந்து சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை முதலிய ஊர்கள் உள்ளன. மழை குறைந்த கரிசல் நிலம் அது. சிவமணம் கமழும் நிலமும் அதுவே. சுந்தரமூர்த்தி நாயனார் பாடல்பெற்ற திருச்சுழியல் இம்மாவட்டத்தது. காசியினின்றும் பாண்டிய மன்னன் ஒருவன் கொண்டுவந்த சிவலிங்கம் மேற்கொண்டு செல்லாமையின் அவ்விடத்தே பிரதிட்டை செய்யப்பட்டதென்றும், அதனால் அவ்வூர் சிவகாசி எனப் பெயர் பெற்றதென்றும் தலவரலாறு கூறும். வானம் பொய்த்து வேளாண்மை நலிந்த அந்நாட்டிலிருந்து 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். அதன்வழிப் பட்டாசுத் தொழிலும் அச்சுத்தொழிலும் தழைத்தன. பயிருக்குப் பகையாயிருந்த வறட்சி வெடிமருந்தை உலர்த்துதற்கு நட்பாயிற்று. இந்நாள் பாரதநாடு முழுதும் தீபாவளியிற் கொளுத்தும் பட்டாசிற் பெரும்பகுதி அங்கிருந்தே செல்கிறது.

அந்நாட்டில் மருந்து என்னுஞ் சொல் நின்று வழங்கும் முறை கருதத்தக்கது. தொழிலாளர் மருந்து என்று சொல்வது வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் பிறவும் கலந்த கலவையை. மருந்தறை, மருந்து கலத்தல், மணி மருந்து என்பன அவர் நாவில் நாள்தோறும் பயில்வன. அம்மருந்து வெடித்தக்கால் வெந்தவனைத் தூக்கிச் செல்லுமிடத்து வைத்தியர் இடுவதும் மருந்தே. புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதன் எனப் பெயர்கொண்டு எழுந்தருளியிருக்கும் பெருமானையும் அருளாளர் மருந்தென்றே போற்றினர். பொசுக்குவதும் ஆற்றுவதும் பிறவிநோய் தீர்ப்பதும் ஒரு சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் இருபதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர். இவ்விரண்டுக்கும் முன்னும் பின்னும் நிகழ்ந்தன பல. இறந்தோர் தொகை செய்தித்தாள்களில் வருகிறது. அரசினர் உதவித்தொகை அறிவிக்கின்றனர். வெந்தும் இறவாது பிழைத்தவர் தொகையோ சில நாளில் மறக்கப்படுகிறது. அவர் வீடு திரும்புகின்றனர். அதன்பின் ஓராண்டோ ஈராண்டோ, சிலர்க்கு ஆயுள் முழுமையுமோ, ஒரு தாயோ மனைவியோ மகளோ அவரைப் பேணிக்கொண்டிருக்கிறாள். "அவன் வினை" என்னுஞ் சொல் பெரும்பாலும் அவ்வீட்டு வாயிலில் நின்றே சொல்லப்படுகிறது.

அச்சொல் சித்தாந்தத்தின்பாற் பட்டதன்று. என்னை? வினை சடப்பொருள், தானே சென்று தன்னைச் செய்தவனைத் தேடிப் பற்றும் அறிவு அதற்கில்லை. வினையை அறிந்து, காலமும் இடமும் கருவியும் அறிந்து, பக்குவம் நோக்கிக் கூட்டுவிப்பவன் முதல்வன் ஒருவனே என்பதன்றோ சித்தாந்தம் மீமாஞ்சகர்க்குக் கூறும் மறுப்பு? நோயைக் கூட்டுவிப்பவன் அவனாயின், நோய் தீர்க்கும் பச்சிலையை மலையில் முளைப்பித்தவனும், அதனை நாடும் அறிவை வைத்தியனுக்கு விளக்குபவனும் அவனே. துன்பத்தை மட்டும் வினைப்பயன் என்று கொண்டு, துன்ப நீக்கத்தை வினையின் வேலிக்குப் புறத்தே நிறுத்துதல் பாதி வினையை மட்டும் ஒப்புக்கொள்வதாகும்.

அற்றேல், மருந்தினால் வினைப்பயன் தடைப்படுமாயின் வினை பொய்யாம், தடைப்படாதாயின் மருந்து பொய்யாம், இவ்விரண்டனுள் ஒன்று கொள்ளவேண்டுமன்றோ எனின், வேண்டா என்க. இவ்வையம் எழுவது நோய் எத்துணைக் காலம் எத்துணை அளவினதாய் வகுக்கப்பட்டது என்பதைக் கேட்போன் முன்னரே அறிந்தவன்போலக் கொள்வதனால். ஊழின் அளவு நுகர்ந்து முடிந்தபின்னரன்றி அறியப்படுவதன்று. மூன்றாம் நாளில் மருந்தால் தணிந்த சுரம் மூன்று நாளுக்கென்றே வகுக்கப்பட்டதாகலாம். மருந்துண்ணும் நல்லூழும் அதனோடு உடன் வகுக்கப்பட்டதாகலாம். பசியும் பிராரத்தமே. பசித்தவன் "இது என் ஊழ்" என்று கூறிச் சோற்றைத் தள்ளியதாகக் கேட்டதில்லை. பிறன் நோய்க்கு வினைக்கணக்குப் பார்ப்பவரும் தம் பல்வலிக்கு வைத்தியசாலை தேடுகின்றனர்.

பிறன் துன்பத்தின் காரணத்தைப் புறத்தே நின்று துணிதல் எத்துணைத் தவறாகக்கூடும் என்பதற்குத் திருநாவுக்கரசர் வரலாறே சான்று. பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனராய் இருந்த அவரைச் சூலைநோய் பற்றியது. உடனிருந்தோர் தமக்குத் தெரிந்த பரிகாரங்களைச் செய்து பார்த்தனர். தம்மால் ஆகாதென்று கைவிட்டனர். அந்நிலையில் அவரைக் கண்டோர் கொடிய தீவினையின் பயன் என்றே கூறியிருப்பர். தமக்கையார் வேண்டுகோட்கு இரங்கி அவரை ஆட்கொள்ளும்பொருட்டு இறைவன் அருளியதே அச்சூலை என்று பெரியபுராணம் காட்டுகிறது. தீவினையின் தழும்பெனக் கண்ட இடத்தில் அருளின் கை இருந்தது. இனிக் காரணம் ஐயமற விளங்கிய இடமும் ஒன்றுண்டு. சபதம் பிழைத்தமையாற் கண்ணிழந்த சுந்தரமூர்த்திகள் திருவெண்பாக்கம் அடைந்தபோது இறைவன் ஊன்றுகோல் அளித்தருளினான். பிழை இன்னதென்று அறிந்தவனே கோலும் கொடுத்தான்! பிழை இன்னதென்று அறியாதவன் கோலை மறுத்தற்கு உரிமை எங்ஙனம் பெறுவான்?

ஆகலின், வினை என்னுங் கொள்கை ஒருவன் தன் துன்பத்தைத் தாங்கும்போது தன்னைத் தேற்றிக்கொள்ளுதற்கு உரியது. அடுத்தவன் துன்பத்தினின்று தன்னை விடுவித்துக்கொள்ளுதற்கு உரியதன்று. நோயாளி நுகர்வது பிராரத்தம். அருகில் நிற்பவன் அதுகண்டு செய்வதும் செய்யாது விடுவதும் ஆகாமியம், அது புதுக்கணக்கு. பழைய கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே புதிய கணக்கில் கடன் ஏற்றிக்கொள்ளுதல் அறிவுடையார் செயலாகாது.

இதனினும் நேரான சான்று திருஞானசம்பந்தர் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்தபோது நிகழ்ந்தது. பனிக்காலத்தில் உடன்வந்த அடியார்களை நளிர்சுரம் பற்றி வருத்தியது. அது அந்நிலத்தின் இயல்பு என்று சொல்லப்பட்டது. நிலத்தின் இயல்பு என்று கேட்டு அப்பெருந்தகையார் அமைந்துவிடவில்லை, திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார், பிணி நீங்கிற்று. வினை வந்து வருத்தும் என்பதை மறவாது, அதனோடு கைகட்டியும் நில்லாது, தொண்டினால் அதனை எதிர்கொள்ளும் சைவநெறியை அப்பதிகம் முழுதும் காணலாம். "இது இந்நிலத்தின் இயல்பு" என்று அன்று சொல்லப்பட்டதுபோலவே, "இது இத்தொழிலின் இயல்பு" என்று இந்நாள் சிவகாசிச் சீமையிற் சொல்லப்படுகிறது. சொற்கள் வேறு, கைகட்டி நிற்றற்குத் தேடும் சாக்கு ஒன்றே.

மருத்துவ ஆராய்ச்சி என்பது இச்சாக்கினை ஒவ்வொன்றாகக் களையும் முயற்சி என்று கூறின் மிகையாகாது. தீக்காயத்தையே எடுத்துக்கொள்க. முற்காலத்தார் அதனைத் தோலின் புண் என்று கருதினர். உடலின் பெரும்பகுதி வெந்தவிடத்து அது உடல் முழுதின் நோயாகும் என்பதும், வெந்த இடத்தின் வழியே குருதியின் நீர்ப்பகுதி கசிந்தொழிதலால் முதல்நாளிலேயே உயிர்க்கு இடர் நேர்கிறதென்பதும் பின்னரே தெளியப்பட்டன. வைத்தியர்கள் வளர்ந்தோர் உடலை ஒன்பதொன்பதாக வகுத்துக் கொள்கின்றனர்: தலை 9 பங்கு, கை ஒவ்வொன்றும் 9, கால் ஒவ்வொன்றும் 18, மார்பும் வயிறும் சேர்ந்து 18, முதுகு 18, எஞ்சியது 1. எத்தனை பங்கு வெந்தது என்று கண்டு, அதனை உடலின் எடையாலும் நான்காலும் பெருக்க, முதல் 24 மணிநேரத்தில் நரம்புவழி ஏற்றவேண்டிய நீரின் அளவு மில்லிலிட்டரில் ஏறத்தாழக் கிடைக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு 40 பங்கு வெந்திருப்பின் அது 9,600 மில்லிலிட்டர். அதிற் பாதி முதல் 8 மணிநேரத்திற்குள் செல்லவேண்டும். அவ்வெட்டு மணி வைத்தியசாலையிற் சேர்ந்த நேரத்தினின்று எண்ணப்படுவதன்று, வெந்த நேரத்தினின்று எண்ணப்படுவது. சிவகாசியிலிருந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12ஆம் நாள் திறக்கப்பட்டதன் அருமை இவ்வெட்டு மணிக் கணக்கை அறிந்தோர்க்கே நன்கு விளங்கும்.

புண்ணின் ஆழம் அறிதலும் அரிது. மேலோட்டமாக வெந்தது தானே ஆறும். ஆழ வெந்தது ஆறாது, அழுகும். வெந்த தோல் தானே கழன்று விழும்வரை காத்திருத்தலே நெடுங்கால வழக்கம். அங்ஙனம் காத்திராது, முதற் சில நாட்களிலேயே கெட்ட தோலை மெல்லிய படலங்களாகச் சீவி நீக்கி நல்ல தோலை வைத்து ஒட்டும் முறையை யுகோஸ்லாவியாவின் மரிபோர் நகரத்து அம்மையார் யான்செகோவிச் 1970இல் வெளியிட்டார். காத்திருந்து இறந்தோர் பலர் அதன்பின் காத்திராமையாற் பிழைத்தனர். முன்னவர் இறந்தது வினையென்றும் பின்னவர் பிழைத்தது ஓர் அம்மையாரின் கத்தியென்றும் பிரித்துக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? வீட்டளவிலும் இத்தகைய அறிவு வேண்டப்படுவதே. வெந்த இடத்திற் பேனா மையும் மாவும் பற்பசையும் அப்பும் வழக்கம் இன்னும் ஒழிந்திலது. ஓடுந் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டி, தூய துணியால் மூடி, தாழாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதலே செயற்பாலது.

நோயறிதலின் அருமைக்குப் பிறிதோர் எடுத்துக்காட்டும் கூறலாம். தூசியிடை உழைப்பார்க்கு இருமல் புதிதன்று. ஆகலின் காசநோயின் இருமலும் தொழிலின் இருமலாகவே எண்ணப்பட்டு நாள் கழிதல் எளிது. காசம் என்று அறியப்பட்டபின்னும், மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் இறப்போர் உளர். தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்னும் பெயரால் ஒரு முறையைத் தொடங்கிற்று. நோய் காணப்பட்ட அன்றே உயரத்தோடு ஒப்பிட்டு எடை பார்த்தல், கால்வீக்கம் பார்த்தல், ஊன்றாது நிற்க வல்லரா என்று நோக்குதல், மூச்சினை எண்ணுதல், விரலில் மாட்டும் சிறு கருவியாற் குருதியின் பிராணவாயு அளவு காணுதல் என்னும் எளிய செயல்களால், உடனே வைத்தியசாலையில் வைக்கத்தக்கவரைப் பிரித்தறிவதே அம்முறை. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆராய்ச்சி அதற்கு அடிப்படை. இதில் விலையுயர்ந்த பொறி யாதும் இல்லை. நிற்க முடிகிறதா என்று ஒருவனைக் கேட்பதற்கு ஆராய்ச்சி வேண்டியிருந்தது! "பார்த்தாலே தெரியும்" என்னும் செருக்கினால் அக்கேள்வி நெடுங்காலம் கேட்கப்படாதிருந்தது போலும்.

வைத்தியர் கையை ஏற்றல் ஞானிகட்கு இழுக்கென்று எண்ணுவாரும் உளர். திருச்சுழியில் 1879இற் பிறந்த இரமண மகரிஷி வேறு நெறியினராயினும் அந்நாட்டவராகலின் ஈண்டு நினைக்கத்தக்கவர். 1949இல் அவர் இடக்கையில் எழுந்த கட்டியை நான்கு முறை அறுத்தனர். உடல் தாமல்லர் என்பதில் அசைவற்று நின்ற அவர், அன்பர்களும் வைத்தியர்களும் செய்தவற்றைத் தடுத்திலர்.

இனி, வைத்தியசாலையினின்று வீடு திரும்பியவன் நிலை. ஆறிய புண்ணின் தழும்பு இறுகும் இயல்பினது. கழுத்து, அக்குள், முழங்கை, விரல் இவ்விடங்களில் இறுகிய தழும்பு மூட்டை மடக்கி இழுத்துக்கொள்ளும். நாள்தோறும் பலமுறை நீட்டி மடக்கிப் பழக்கவேண்டும். அழுத்தும் உடையைக் குளிக்கும் நேரம் நீங்கலாக நாள் முழுதும், ஓராண்டளவும் அதற்கு மேலும், அணிவிக்கவேண்டும். நீட்டும்போது நோயாளி அலறுவான். அலறலைக் கேட்டுக் கையை விட்டுவிடும் தாய் இரக்கமுடையவள். விடாது நீட்டும் தாயும் இரக்கமுடையவளே, ஆனால் அவள் இரக்கம் அறிவோடு கூடியது. அவ்வறிவை அவளுக்குக் கற்பித்தவர் எவர்? வலியால் நீட்டாது விட்ட கை ஓராண்டிற்குப்பின் மார்போடு ஒட்டிக் கிடப்பின், அது அவன் வினையா, அவளுக்கு ஒருவரும் சொல்லித் தராமையா? அவளும் அதுவரை ஆலையிற் கூலிக்குச் சென்றவளாயின், ஒரு வெடியால் இருவர் கூலி நின்றது. முட்டையும் பருப்பும் மிகுதியாக வேண்டப்படும் காலம் வருவாய் அற்ற காலமாகவும் இருக்கிறது.

இல்லத்தில் நோயாளியைப் பேணுதல் இயலுமா, அதனாற் பிறர்க்குத் தீங்கு வருமா என்னும் வினாவிற்கு உலகமெங்கும் விடை தந்தது சென்னைப் பட்டினமே. 1956இல் அங்கே நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையத்தார் 193 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரைச் சானடோரியத்திலும் மறு கூற்றாரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். சானடோரியத்தார்க்கு நல்லுணவும் காற்றும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தோர் நெருக்கமான குடிசைகளில் எளிய உணவுண்டு இருந்தனர். ஆண்டு முடிவில் நோய் அடங்கினோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. வீட்டிலுள்ள பிறர்க்கு நோய் தொற்றுதலும் அக்காரணத்தால் மிகவில்லையென்பது தொடர்ந்து நோக்கியபோது புலனாயிற்று. 1959இல் வெளிவந்த இம்முடிவு பல நாடுகளிற் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிற்று. ஏழைக் குடும்பத்தின் கைக்கு இத்துணை ஆற்றல் உண்டென்று கண்டது பெரிதே. எனினும் அவ்வாராய்ச்சியில் ஒன்றைக் காணாது விடுதல் கூடாது. மருந்து இலவசமாகத் தரப்பட்டது. உண்டனரா என்று அறிய நிலையத்தார் வீடுதேடிச் சென்றனர். ஐயம் எழுந்தபோது கேட்க ஆளிருந்தது. பின்வந்தோர் பலர் "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்னும் பாதியைப் பிடித்துக்கொண்டு மற்றப் பாதியை விட்டனர். வேலூரில் 1957இல் தொடங்கிய மனநோய் மருத்துவ மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்கிப் பேணும் முறையைக் கற்றனர். இரு பாதியையும் பொருத்திய முறை அது.

பேணுவோர்க்கு வரும் தீங்கும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் முதிய தம்பதிகளை நான்காண்டு தொடர்ந்து நோக்கி 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், துணைவரைப் பேணி அதனால் மனநெருக்கடியும் உற்றோர்க்கு, பேணும் கடமை இல்லாதாரை நோக்க, இறப்பு நேரும் அளவு நூற்றுக்கு 63 பங்கு மிகுதி என்று கண்டனர். பேணியும் நெருக்கடி உறாதோர்க்கு அம்மிகுதி தெளிவாகக் காணப்படவில்லை. ஆகலின் கொல்வது பேணுதலன்று. துணையின்றிப் பேணுதலே என்று கொள்ள இடமுண்டு. பேணுவோரின் சுமையை அளத்தற்கு 22 வினாக்கள் கொண்ட அளவுகோலும் ஆராய்ச்சியாளர் வகுத்துள்ளனர். உமக்கென்று நேரம் உண்டா, உம் உடல்நலம் கெட்டதா என்று அது வினவுகிறது. இந்நாட்டில் அவ்வினாக்களைப் பேணுவாள் ஒருத்தியிடம் கேட்பின், அவள் விடை கூறுமுன் சுற்றத்தார் விடை கூறிவிடுவர்: "அது அவள் கடமை, தெய்வமாக இருந்து பார்த்துக்கொள்கிறாள்." ஒருத்தியைத் தெய்வம் என்று புகழ்ந்துவிட்டால் அவளுக்குச் சோறு ஆக்கித் தரவேண்டுவதில்லை, ஓரிரவு மாற்றிவிட வேண்டுவதில்லை. நோயாளியைக் கைவிடுதற்கு வினை என்னுஞ் சொல். பேணுவாளைக் கைவிடுதற்குத் தருமம் என்னுஞ் சொல். இரண்டும் உயர்ந்த சொற்கள். இழிந்த பணிக்கு அவை ஏவப்படுகின்றன.

பேணுதலிற் சிறந்தார் எவரென வினவின், திலகவதியார் என்றே சைவர் விடை கூறுவர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் இறந்தபின் உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியின்பொருட்டே உயிர் தாங்கினார். அத்துணை அன்புடைய தம்பி சூலையால் வருந்தி ஆள் விடுத்து அழைத்தபோது, அவர் அப்பள்ளிக்குச் சென்றிலர். இது பலர்க்கு வியப்புத் தரும். தம்பியே இரவில் திருவதிகை வந்து அடிபணிந்தார். திருநீறு அளித்து, வைகறையில் தாம் திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துத் திருக்கோயிற் பணிக்குச் செல்லும் வேளையில் அவரையும் உடனழைத்துச் சென்றார். நோயாளி வந்தமையால் அம்மையாரின் அன்றைய திருத்தொண்டு நின்றுவிடவில்லை. தம் வாழ்வை நோயின் காலில் வைக்காது, நோயாளியைத் தம் தொண்டின் வழியே அழைத்துச் சென்றார். இவ்விடத்தைப் படிப்போர் சூலை தீர்ந்த அற்புதத்தையே நோக்கி விரைகின்றனர். அம்மையார் கையிலிருந்த துடைப்பத்தை நோக்குவார் சிலரே.

சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றல் பேணுவோர்க்கு ஏற்ற நிலையே. தன் செயலென்று இல்லாது அவன் பணியென்று செய்யின், அச்செயல் ஏறு வினையாகாது. ஆயினும் தான் பணிசெய்யும் கருவி என்று ஒருத்தி தன்னைக் கருதிக்கொள்வது வேறு. மற்றவர் அவளைக் கருவியாகக் கொண்டு தேய்ப்பது வேறு. முன்னது ஞானம். பின்னது அவர் தலையில் ஏறும் ஆகாமியம்.

செய்யத்தக்கன சில செய்யப்பட்டு வருகின்றன. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருட்டினகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், இரத்தக் கொதிப்பிற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. படுக்கையிற் கிடப்பார்க்கு நோவாற்றும் பணியும், கைகால் பயிற்றும் பணியும் வீட்டிலேயே செய்யப்படுகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகளின் விருதொன்று அதற்குக் கிடைத்தது. மாத்திரை வாங்க ஒருநாட் கூலியை இழந்துவந்த தொழிலாளிக்கு இதன் பயன் எடுத்துக்கூற வேண்டுவதில்லை. வருபவர் பெரும்பாலும் அவ்வூர் மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்மணியே. நோயாளியின் இரத்த அழுத்தம் பார்க்கும் அவர், அருகில் நிற்கும் மனைவியின் கையையும் பற்றி அளந்து பார்ப்பாராயின் எத்துணையோ நன்றாம். மலையாள நாட்டுக் கோழிக்கோட்டில் 1993இல் தோன்றிய நோவாற்றுங் கழகத்தார் மற்றொரு வழி காட்டினர். வைத்தியரும் தாதியரும் மட்டுமன்றி, அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்றுக் குறித்த நாளில் நோயாளி வீட்டிற்குச் செல்கின்றனர். புண் துடைக்கின்றனர், அரிசி கொண்டு செல்கின்றனர், பேணுவோரோடு உட்கார்ந்து பேசுகின்றனர்.

சிவகாசி, சாத்தூர், திருச்சுழி முதலிய இடங்களில் திருமுறைக் கழகங்களும் உழவாரத் தொண்டர் கூட்டங்களும் இயன்றாங்கு நடக்கலாம். பிரதோட நாளில் திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள், தம் தெருவில் வரமுடியாதிருப்பவர் எவர் என்று எண்ணிப் பார்த்தால் அப்பட்டியலில் நோயாளியும் அவரைப் பேணுவாளும் இருப்பர். இருவர் முன்னரே வைத்தியசாலையிற் கேட்டுக் கைநீட்டும் முறையைக் கற்றுக்கொண்டு, மாலை நான்கு மணிக்கு அவ்வீட்டிற்குச் சென்று, வெந்தவன் அருகில் அமர்ந்து, "அக்கா, நீங்கள் குளித்துக் கோயிலுக்குப் போய்வாருங்கள், நந்தி அபிடேகம் முடிந்து வரும்வரை நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லலாம். அவள் முதல் முறை மறுப்பாள். இரண்டாம் முறையும் மறுக்கக்கூடும். அடுத்த பிரதோடம் பதினைந்து நாளில் வருகிறது.